‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொல்?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. வக்கீல் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் வரும் பேங்க் நோட்டீஸ், பத்திரம், தீர்ப்பு இதையெல்லாம் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே நோட்டீஸில் ‘இன்ட்ரஸ்ட்’ மூன்று நான்கு இடத்தில் வருகிறது, ஓரிடத்தில் வட்டி என்று போட்டால் பொருந்துகிறது, அடுத்த வரியில் அதே வட்டி என்று போட்டால் அர்த்தமே இல்லாமல் போகிறது, அகராதியைத் திறந்தால் வட்டி, ஆர்வம், நலன், உரிமை, அக்கறை, பங்கு என்று வரிசையாக நிற்கிறது, எதை எங்கே போடுவது, ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். மதுரையில் நீண்ட காலமாக இதே மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். நம்ம பக்கம் ஒருவர் ஒரு விவகாரத்துக்குள் வந்து நின்றால் “உனக்கு அதுல என்ன இருக்கு?” என்று கேட்போம். அந்த ‘என்ன இருக்கு’ என்பதுதான் இந்தச் சொல்லின் நடுப்பொருள். ஓர் ஆளுக்கும் ஒரு பொருளுக்கும் நடுவே ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது, அந்தப் பொருளுக்கு ஒன்று நேர்ந்தால் அது இந்த ஆளைத் தொடும், லாபமோ நட்டமோ இவர் தலையில் வந்து விழும். ஆங்கிலம் அந்தத் தொடர்பு முழுவதற்கும் ஒரே பெயர் வைத்துவிட்டது. தமிழ், எந்த வகையில் தொடுகிறது என்று பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. அதனால் வாக்கியத்தைப் பார்த்ததும் அகராதிக்குப் போகாதீர்கள், “இது கைவிட்டுப் போனால் இந்த ஆளுக்கு என்ன போகும்?” என்று கேளுங்கள். கொடுத்த பணம் இத்தனை நாள் கையில் இல்லாமல் போனதற்கு ஈடு என்றால் வட்டி. வீட்டிலோ நிலத்திலோ அவருக்கு இருக்கும் பிடி போகும் என்றால் உரிமை, பாத்தியம், பாகம். வாழ்வோ நியாயமோ கெடும் என்றால் நலன். வழக்கு எப்படி முடிகிறது என்பதில் கிடைக்கக்கூடிய லாபம் என்றால் ஆதாயம். ஒன்றுமே போகாது, மனசு மட்டும்தான் அங்கே இருக்கிறது என்றால் ஆர்வம், ஈடுபாடு, நாட்டம், அக்கறை. வேலை நடக்க இவ்வளவு போதும். ஆனால் ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் சிக்கலான இடத்தில் கை தடுமாறாது.

லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து ‘இடையில் இருப்பது’, அதிலிருந்து ‘வேறுபாடு உண்டாக்குவது, பொருட்படுத்த வேண்டியது’ என்று பொருள் வளர்ந்தது. ரோமானியச் சட்டத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் விட்டு அடுத்தவருக்கு நட்டம் வந்தால், செய்திருந்தால் அவர் எந்த நிலையில் இருந்திருப்பார், இப்போது எந்த நிலையில் இருக்கிறார், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் பாவம் என்று திருச்சபை தடுத்தது. அந்தப் பாவத்துக்கு ‘உசுரா’ என்று பெயர். ஆனால் சொன்ன கெடுவில் கடன் திரும்பாததால் கொடுத்தவருக்கு உண்மையாகவே நட்டம் வந்திருந்தால் அதற்கு ஈடு கேட்கலாம் என்று சட்டம் படித்தவர்கள் ஒரு வழி விட்டார்கள். அந்த ஈட்டுக்குத்தான் ‘இன்டரஸ்ஸே’ என்று பெயர். பாவம் ஒட்டாத பெயர் என்பதால் மெல்ல மெல்ல வட்டி முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில் 1545 இல் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வாங்கலாம் என்று சட்டமே போட்டார்கள், 1552 இல் அதை நீக்கி, 1571 இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 15ஆம் நூற்றாண்டிலேயே, சொத்தில் ஒருவருக்குள்ள உரிமை என்ற பொருளில் இந்தச் சொல் ஆங்கிலச் சட்ட எழுத்தில் வந்துவிட்டது. மனசு ஒன்றின் மேல் போவது என்ற பொருள் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டில்தான். இன்று நாம் முதலில் நினைக்கிற ‘ஆர்வம்’ என்ற பொருள் இவற்றில் ரொம்பப் பிந்தி வந்தது என்பதை மனதில் வையுங்கள், பழைய சட்டங்களைப் படிக்கும்போது உதவும்.

நம் பக்கம் இதே விஷயம் வேறு வழியில் வந்திருக்கிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்றும், பொலி என்றும் பெயர். பொலிதல் என்றால் பெருகுதல், களத்தில் தூற்றி வைத்த நெல்லையும் பொலி என்றுதான் சொல்லுவோம். 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் காலத்துத் திருச்செந்தூர்க் கல்வெட்டில் 1,400 பொற்காசைப் பல ஊர்களிடம் பிரித்துக் கொடுத்து, முதல் கெடாமல் பொலியை மட்டும் நெல்லாக அளந்து கோயில் செலவை நடத்தச் சொன்ன கணக்கு இருக்கிறது. அங்கே ஐரோப்பாவில் வட்டி என்பது ஏற்பட்ட இடைவெளிக்கு ஈடு, இங்கே அது முதலிலிருந்து விளைந்த விளைச்சல். அதனால்தான் ஆங்கிலச் சொல் இழப்பு, உரிமை, அக்கறை என்று எல்லாப் பக்கமும் பரவ முடிந்தது, தமிழ்ச் சொல் பணத்தோடு நின்றுகொண்டது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவை ஒரு தடவை ஆங்கிலத்திலேயே நிதானமாகப் படியுங்கள். அடமானம் என்றால் என்ன என்று சொல்லும் (ஏ) உட்பிரிவில், கடனுக்குப் பிணையாகக் குறிப்பிட்ட அசையாச் சொத்தில் ஓர் ‘இன்ட்ரஸ்ட்’டை மாற்றிக் கொடுப்பது என்று வரும். அதே பிரிவில் கொஞ்சம் கீழே (டி) உட்பிரிவில், கடன் கொடுத்தவர் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் வரும் வாடகையையும் வருமானத்தையும் ‘இன்ட்ரஸ்ட்’டுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று வரும். முதலில் வந்தது உரிமை, இரண்டாவது வந்தது வட்டி. ஒரே பிரிவு, ஒரே சொல், இரண்டு பொருள். எழுதியவர்களுக்கு இது இடறவே இல்லை, ஏனென்றால் அவர்கள் மொழியில் இரண்டும் ‘எனக்கு அதில் இருப்பது’தான்.

இந்த (டி) உட்பிரிவுதான் மதுரையில் தெருவுக்குத் தெரு நடக்கிற ஒத்தி. ஐந்து லட்சமோ ஆறு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து மூன்று வருஷம் ஒரு வீட்டில் இருப்பது, வாடகை கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது, கெடு முடிந்ததும் வீட்டைக் காலி செய்தால் முழுப் பணமும் திரும்பும். வட்டிக்கு வாடகை சரி என்று ஒரே வரியில் பேசி முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒத்திக்காரருக்கு அந்த வீட்டில் இன்ட்ரஸ்ட் உண்டு, பணத்துக்கு இன்ட்ரஸ்ட் இல்லை என்று எழுத வேண்டி வரும். தமிழில் பாத்தியம் உண்டு, வட்டி இல்லை, அவ்வளவுதான். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நிறையப் பேர் ஒத்தியை ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தி பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 59ஆம் பிரிவு. பதியாத தாளால் சொத்தில் அந்த உரிமை, அதாவது 58 (ஏ) சொல்லும் இன்ட்ரஸ்ட், உங்களுக்கு வந்து சேராது. வீட்டுக்காரர் வேறொருவருக்கு வீட்டை விற்றுவிட்டாரென்றால் கையில் இருக்கும் தாளை வைத்து வீட்டின் மேல் உரிமை பேசுவது பெரும்பாடு. ஆறு லட்சம் கொடுக்கிற குடும்பம் பதிவுச் செலவுக்குப் பயந்து இதை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தயவுசெய்து கட்சிக்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

இதே மாதிரி 54ஆம் பிரிவு. கிரய ஒப்பந்தம் என்பது அதனளவில் சொத்தில் எந்த ‘இன்ட்ரஸ்ட்’டையும் உண்டாக்காது என்று அதில் இருக்கிறது. “அக்ரிமென்ட் போட்டாச்சு, இடம் நம்மளுதுதான்” என்று சொல்லுகிறவர்களுக்குப் புரிய வைக்க வேண்டிய வரி அது. ஒப்பந்தம் போட்டவர் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போடலாம், ஆனால் இடத்தில் அவருக்கு இன்னும் பாத்தியம் வரவில்லை.

பாத்தியம் என்ற சொல்லை நான் விடாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலப் பத்திரங்களில் ‘ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்’ என்று மூன்றும் ஒன்றாக வரும். புதிதாக எழுதுகிறவர்கள் இதை ‘உரிமை, தலைப்பு மற்றும் வட்டி’ என்று எழுதிவிடுகிறார்கள், கம்ப்யூட்டரில் போட்டு எடுத்தாலும் சில சமயம் அப்படித்தான் வருகிறது. நம் பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் ‘சகல உரிமைகளும் பாத்தியங்களும்’ என்று எழுதி வந்திருக்கிறார்கள், அது போதும், தெளிவாகவும் இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் வரும் இன்ட்ரஸ்ட் என்றால் பாகம். அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தில் மனையைப் பொறுத்து வருவது பிரிபடாத பாகம். கூட்டு வியாபாரத்தில் பங்காளிக்கு இருப்பது பங்கு. இதில் எதற்கும் புதுச் சொல் உண்டாக்க வேண்டியதே இல்லை, ஊரில் இருக்கிறது.

கொஞ்சம் சிக்கலானது ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’. செய்தித்தாளில் இது வந்தால் நல்ல பொருளில் வராது, சொந்த லாபத்துக்காக ஒரு நல்ல காரியத்தைத் தடுக்கிறவர்கள் என்று அர்த்தம், தமிழில் சுயநலக் கும்பல், சுயலாப சக்திகள் என்று எழுதுகிறோம். ஆனால் பத்திரத்திலோ தீர்ப்பிலோ வந்தால் அதில் எந்தக் குறையும் இல்லை, அது சொத்து மாற்றச் சட்டம் 19ஆம் பிரிவின் சொல். ஒரு பாட்டி செல்லூரில் இருக்கும் தன் வீட்டைப் பேரனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதுகிறார், ‘என் ஆயுசு வரை நானே அனுபவித்துக்கொண்டு, எனக்குப் பிறகு பேரன் சர்வ சுதந்திரமாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று. பாட்டிக்கு இருப்பது ஆயுள் உரிமை, ஆங்கிலத்தில் ‘லைஃப் இன்ட்ரஸ்ட்’. பேரனுக்கு இன்றைக்கே உரிமை நிலைத்துவிட்டது, வீடு கைக்கு வருவதுதான் பின்னால், அதுதான் ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’. பாட்டிக்கு முன்னால் பேரன் இறந்துபோனாலும் அந்த உரிமை அழியாது, பேரனுடைய வாரிசுகளுக்குப் போகும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. இதுவே ‘பேரன் டிகிரி முடித்தால் அவனுக்கு’ என்று எழுதியிருந்தால் அது நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றைச் சார்ந்த உரிமை, 21ஆம் பிரிவில் வரும் ‘கன்டின்ஜென்ட் இன்ட்ரஸ்ட்’. நான் முதலாவதை நிலைத்த உரிமை என்றும் இரண்டாவதை நிபந்தனை உரிமை என்றும் எழுதுவேன். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கே மாறிவிடும், இந்த இடத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது.

இனி உங்கள் பேங்க் நோட்டீஸ். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை பேங்கே நேரடியாக எடுக்க வழி செய்யும் 2002 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வக்கீல்கள் வாயில் ‘சர்ஃபேசி’. அதன் முழுப் பெயரிலேயே ‘செக்யூரிட்டி இன்ட்ரஸ்ட்’ என்று வரும். கடனுக்காக வீட்டின் மேல் பேங்குக்கு ஏற்படும் பிடிதான் அது. தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் அறிவிப்புகளில் பிணைய நலன் என்றும் பாதுகாப்பு நலன் என்றும் போடுகிறார்கள். ‘நலன்’ என்று படித்தால் கடன் வாங்கிய சாதாரண ஆளுக்கு ஏதோ தனக்கு நல்லது செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். பிணை உரிமை என்று எழுதினால் பேங்குக்கு நம் வீட்டின் மேல் உரிமை இருக்கிறது என்று உடனே விளங்கும். அதே நோட்டீஸில் ‘மேற்கொண்டு வரும் இன்ட்ரஸ்ட்’ என்று வருவது வட்டிதான். இந்த நோட்டீஸை மொழிபெயர்க்கும்போது சொல்லை விட நாட்கணக்கு முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 13 (2) பிரிவில் வரும் கேட்பு நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் 13 (4) இல் சொத்தைச் சுவாதீனம் எடுப்பார்கள், அப்படி எடுத்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அந்தத் தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. சுவாதீன அறிவிப்பை இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று வட்டார மொழியில், போட வேண்டும் என்று விதி இருப்பதே ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான். புரியாத தமிழில் போட்டால் விதியின் எழுத்து நிறைவேறும், நோக்கம் நிறைவேறாது.

வட்டி என்ற பொருளிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம்ம ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பேங்கில் ‘12 பர்சன்ட்’ என்றால் வருஷத்துக்கு. அதாவது பேங்கின் 12 சதவீதம் நம் கணக்கில் ஒரு வட்டி. புரோநோட்டில் ‘100க்கு மாதம் ரூபாய் 2 வீதம்’ என்று தமிழில் எழுதியிருப்பதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வெறுமனே 2 பர்சன்ட் என்று எழுதி, வழக்கில் அது வருஷத்துக்கா மாதத்துக்கா என்று இழுபறி ஆகக் கூடாது, ஆண்டுக்கு 24 சதவீதம் என்று தெளிவாக எழுத வேண்டும். அந்த வட்டியை மாதா மாதம் கட்டாமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் வருஷ முடிவில் 24 அல்ல, 26.82 சதவீதம் ஆகியிருக்கும், தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் அது. புரோநோட்டில் வட்டி விகிதமே எழுதவில்லை என்றால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 80ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 18 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். பண வழக்கில் தீர்ப்புத் தேதிக்குப் பிறகு ஓடும் வட்டி சிவில் நடைமுறைச் சட்டம் 34ஆம் பிரிவில் வருவது, சாதாரணக் கடனுக்கு அது ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது, வியாபாரக் கடனாக இருந்தால் தாண்டலாம். அதைப் பின் வட்டி என்று எழுதலாம்.

கந்து வட்டியைப் பற்றித் தமிழ்நாடு அரசு 2003 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரில் இன்ட்ரஸ்ட் என்றுதான் இருக்கிறது, ஆனால் உள்ளே விளக்கங்கள் கொடுக்கும் இடத்தில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் சொற்களையே ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லை. காலையில் மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்கப் போகிற காய்கறிக்காரம்மா கையில் பத்தாயிரம் என்று பேசி, முன்கூட்டியே ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, தினம் நூறு ரூபாய் என்று நூறு நாள் தண்டுகிற அந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை. அந்தக் கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். 8,500க்கு 1,500 என்பது பார்க்க 18 சதவீதத்துக்குள் தெரியும், ஆனால் அது நூறே நாளுக்கு, அதுவும் முதல் தினமும் திரும்பிக்கொண்டே இருப்பதால் அந்தம்மா கையில் சராசரியாகப் பாதிப் பணம்தான் நின்றிருக்கும். வருஷக் கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். இதைத் தமிழில் விளக்கி எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேண்டும்.

நலன் என்ற பக்கத்துக்கு வந்தால் முதலில் பொதுநல வழக்கு. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டத்துக்காரர்கள் வாயில் இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. கீழடி அகழாய்வு தொடர்பான பொதுநல வழக்கெல்லாம் இந்தக் கிளையில்தான் நடந்தது. ‘பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்றால் பொதுமக்களுக்கு ஆர்வமாக இருப்பது என்று அர்த்தமில்லை, பொதுமக்களுக்கு எதனால் நன்மையோ அது. ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணத்தில் ஊருக்கே ஆர்வம் இருக்கலாம், அதில் பொதுநலன் எதுவும் இல்லை. ஒரு கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி ஊரில் பாதிப் பேருக்கு ஆர்வமே இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதில் பொதுநலன் முழுக்க இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005 இல் 8 (2) பிரிவு இந்த அர்த்தத்தில்தான் பேசுகிறது, ஒரு தகவலை வெளியிடுவதில் உள்ள பொதுநலன் அதனால் வரும் கெடுதலை விடப் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்று. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளில் வருவதும் நலன்தான். ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்பதை ஆர்வ மோதல் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. டெண்டர் முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் மச்சானே டெண்டர் போட்டிருக்கிறார் என்றால் அவருடைய கடமையும் அவருடைய குடும்ப லாபமும் எதிரெதிராக நிற்கின்றன. நலன் முரண் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இந்து சமய அறநிலையச் சட்டம் 1959 இல் இருக்கிறது. 6ஆம் பிரிவின் 15ஆவது விளக்கத்தில் ‘பெர்சன் ஹேவிங் இன்ட்ரஸ்ட்’ யார் என்று சொல்லுகிறார்கள். கோயில் என்றால், அங்கே வழிபாட்டுக்குப் போக உரிமை உள்ளவர் அல்லது போவதை வழக்கமாகக் கொண்டவர், அங்கே வழங்கப்படுவதில் பங்குபெற உரிமையோ வழக்கமோ உள்ளவர். அதாவது தினம் காலையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற பூக்காரம்மாவுக்கும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கோயிலில் இன்ட்ரஸ்ட் உண்டு. பணம் போட்டிருக்க வேண்டியதில்லை, பட்டயம் இருக்க வேண்டியதில்லை. இங்கே வட்டி பொருந்தாது, ஆர்வம் என்று போட்டால் போதாது, சொத்துரிமையும் அல்ல. கோயிலோடு தொடர்புடையவர் என்றுதான் நான் எழுதுவேன். ஒரு சாமானியரின் வழக்கமான வருகையையே ஓர் உரிமையாக மதித்த விளக்கம் அது.

குற்ற வழக்குத் தீர்ப்புகளில் ‘இன்ட்ரஸ்டட் விட்னஸ்’ என்று வரும். ஆர்வமுள்ள சாட்சி என்று எழுதினால் சாட்சி சொல்ல ஆசையோடு வந்தவர் என்று ஆகிவிடும். வழக்கு ஒரு பக்கமாக முடிந்தால் லாபம் அடையக்கூடிய சாட்சி என்பதுதான் பொருள், ஆதாயமுள்ள சாட்சி என்று போடலாம். இறந்தவரின் மனைவி, அண்ணன் என்பதாலேயே ஒருவர் அப்படிப்பட்ட சாட்சி ஆகிவிட மாட்டார், உறவு வேறு, ஆதாயம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 1981 இல் ராஜஸ்தான் அரசுக்கும் கல்கி என்பவருக்கும் நடந்த வழக்கில் சொல்லியிருக்கிறது. இதோடு சேர்த்து ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் சார்பற்றவர், ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்றால் ஆர்வமில்லாதவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீதிபதி முதலாவதாக இருக்க வேண்டும், இரண்டாவதாக இருக்கக் கூடாது.

இன்சூரன்ஸில் வரும் ‘இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்’ பற்றிச் சுருக்கமாக. ஒரு பொருள் அழிந்தாலோ ஓர் ஆள் இறந்தாலோ உங்களுக்கு இழப்பு வரும் என்றால்தான் அதன் மேல் நீங்கள் பாலிசி எடுக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு நீங்கள் எடுக்க முடியாது. லத்தீனில் ஆரம்பித்த ‘இழப்பு எவ்வளவு’ என்ற பழைய பொருள் இந்தச் சொல்லில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. காப்பீட்டுத் தகுதி என்று எழுதாதீர்கள், காப்பீட்டுக்குரிய தொடர்பு என்று எழுதலாம்.

கடைசியாக மனசு சம்பந்தப்பட்ட பொருள். இதில் தமிழ் ஆங்கிலத்தை விடப் பல மடங்கு நுணுக்கமானது, அதனால் எல்லாவற்றுக்கும் ஆர்வம் என்று போட்டு ஓட்டிவிடக் கூடாது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு மாடு விடாமல் பார்க்கிறவருக்கு இருப்பது ஆர்வம். வருஷம் முழுக்கப் பருத்திவிதையும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போட்டு, நீச்சல் பழக்கி, ஒரு நாளைக்காகக் காளை வளர்க்கிறவருக்கு இருப்பது ஈடுபாடு. மாடு பிடிக்கிற பையன்களுக்கு அடிபடாமல் இருக்க வேண்டும், தடுப்பு சரியாகக் கட்ட வேண்டும் என்று அலைகிறவருக்கு இருப்பது அக்கறை. இன்னும் களத்துக்கே வராமல், காளைகளைப் பற்றிய பேச்சு வந்தாலே காது கொடுக்கிற பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பது நாட்டம். நான்கு பேரையும் ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே சொல்தான். தமிழுக்குக் கொண்டுவரும்போது எந்த ஆள் என்று பார்த்துச் சொல்லைப் போட வேண்டும். வரன் பார்க்கும் பேச்சில் “பையன் வீட்டில் இன்ட்ரஸ்ட் காட்டுறாங்க” என்றால் அது விருப்பம். டெண்டர் விளம்பரத்தில் வரும் ‘எக்ஸ்பிரஷன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்பதும் அதே விருப்பம்தான், விருப்பத் தெரிவிப்பு என்று எழுதலாம். ‘இன்ட்ரஸ்டிங்’ என்றால் சுவாரசியம், இதற்கு ‘ஆர்வமானது’ என்று எழுதுவது தமிழே அல்ல.

வேகமாக அடையாளம் காண ஓர் இலக்கணக் குறிப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஆன்’ வந்தால் பெரும்பாலும் வட்டி. ‘இன்’ வந்தால் ஆர்வம் அல்லது உரிமை, பின்னால் சொத்தோ கம்பெனியோ வந்தால் உரிமை அல்லது பங்கு, விளையாட்டோ படிப்போ வந்தால் ஆர்வம். ‘இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப்’ என்று வந்தால் நலன் கருதி. அதிலும் ‘இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப் டைம்’ என்றால் நேரத்தின் நலன் என்று எழுதாமல் நேரம் குறைவாக இருப்பதால் என்று எழுதுங்கள். பன்மையில் ‘இன்ட்ரஸ்ட்ஸ்’ என்று வந்தால் வட்டி அநேகமாக இருக்காது, நலன்கள், தொழில்கள், பொழுதுபோக்குகள் இவற்றில் ஒன்று.

இந்தக் குறிப்பு கைகொடுக்காத இடம் ‘வித் இன்ட்ரஸ்ட்’. கடிதத்தை ‘வித் இன்ட்ரஸ்ட்’ படித்தேன் என்றால் ஆர்வத்தோடு, கடனை ‘வித் இன்ட்ரஸ்ட்’ கட்டினார் என்றால் வட்டியோடு, அவமானப்படுத்தியவருக்கு ‘வித் இன்ட்ரஸ்ட்’ திருப்பிக் கொடுத்தார் என்றால் அதற்கு நம்மிடமே ‘வட்டியும் முதலுமாக’ என்று இருக்கிறது. உங்கள் நோட்டீஸில் கடைசி வரியில் ‘டுகெதர் வித் ஃபர்தர் இன்ட்ரஸ்ட்’ என்று வருவதாக எழுதியிருந்தீர்களே, அதை ‘மேற்கொண்டு ஏறும் வட்டியும் சேர்த்து’ என்று போடுங்கள். அதற்கு முந்தின வரியில் ‘செக்யூரிட்டி இன்ட்ரஸ்ட்’ என்று வருவதைப் ‘பிணை உரிமை’ என்று போட்டு, 60 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் கட்சிக்காரருக்குத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.